நாச்சோதனையை நீக்கிய திருமுகம்

நீர் நிறைக. நிலம் விளைக. கரையோரத்துக் குடிகள் அச்சமின்றி உறங்குக.

பொழில்நாட்டு மணிமுடி தாங்கி, அரவாற்றின் தென்கரை முழுவதையும் ஒரு குடைக்கீழ்க் காத்துவரும் நெடுங்குலத்துத் தோன்றிய நன்னிமாதேவியார் திருவுள்ளம் பற்றி, அரண்மனை ஓலைநாயகன் தாயன் குமரன் எழுதியது. ஈங்கைத்துறை முதலாகக் கடல்முகத்துறை ஈறாக உள்ள துறைகள்தோறும் காவல் பூண்ட தலைவர்களும், அத்துறைகளைச் சூழ்ந்த நாட்டார் சபையாரும் கண்டு தெளிக. உங்கள் ஏரிகள் நிரம்பியிருப்பதாக. உங்கள் மனைகளில் நோய் அணுகாதிருப்பதாக. தேவியார் பெயருக்கு முன் வழக்கமாக எழுதும் ‘நீதி வழுவாத’ என்னும் அடைமொழியை இவ்வோலையில் எழுத வேண்டா என்று அவரே விலக்கியதால் அது எழுதப்படவில்லை. எழுத்தன் மறந்தான் என்று எண்ண வேண்டா.

ஈங்கைத்துறைத் தலைவன் சேந்தன் எழினி காவலை விட்டு ஆற்றைக் கடந்ததைப் பற்றி ஊருக்கு ஒரு கதை உலவுவதாகத் தேவியார் செவிக்கு எட்டியது. கைக்கூலி வாங்கினான் என்று சிலரும், மறுகரைப் பெண்ணொருத்தியிடம் மயங்கினான் என்று சிலரும், பகைவனுக்கு ஒற்றனாகப் போனான் என்று சிலரும் பேசுகிறார்கள். எல்லாம் பொய். நடந்ததை முழுதும் அறிந்த பிறகே இவ்வோலையின் கட்டளை உங்களுக்கு விளங்கும் ஆதலால், அரசோலைக்கு உரிய சுருக்கத்தை விட்டு விரிவாகவே எழுதுமாறு தேவியார் பணித்தார். பேசினவர் பேச்சை அவரவர் பேசியபடியே, ஓர் எழுத்தும் திருத்தாமல் எழுத வேண்டும் என்பதும் அவர் ஆணை. வாசிப்போர் அதைப் பிழையென்று கொள்ளாதிருக்க.

மறுகரையிலுள்ள செம்மேட்டு நாட்டில் அரசன் இறந்து, அவன் மைந்தர் இருவரும் முடிக்காகப் போரிடத் தொடங்கியதை நீங்கள் அறிவீர்கள். உயிருக்குப் பயந்து முதலில் ஓடிவந்தவர்களை நம் மக்கள் அன்போடுதான் ஏற்றார்கள். தம் வீட்டுச் சோற்றைப் பகிர்ந்தார்கள். மாட்டுக் கொட்டிலை ஒழித்துக் கொடுத்தார்கள். ஆனால் வரத்து நிற்கவில்லை. ஆள்திரட்டும் தரகர்கள் இடையில் புகுந்தார்கள். நாட்டுக்குள் வர உரிமை தரும் துறைமுத்திரை இல்லாமல் வந்தவர்களை அரைக்கூலிக்கு வயலில் இறக்கினார்கள். முறையிட வாயற்றவர்கள் என்பதால் அந்த அரைக்கூலியையும் பலருக்குக் கொடுக்கவில்லை. நம் ஊர் அறுவடைக்காரர்கள் அரிவாளும் கையுமாக வரப்பில் நின்றுவிட்டு வீடு திரும்பினார்கள். வந்தவர்களோடு கலந்து வந்த ஆயுதக்காரர் சிலர் கரும்பூர்க் களஞ்சியத்தைக் கொள்ளையிட்டுக் காவலாளியைக் கொன்றார்கள். முறைப்படி முத்திரை கேட்டு ஆண்டுக்கணக்கில் மறுகரையிலேயே காத்துக் கிடந்தவர்களோ, காத்திருந்ததுதான் எங்கள் குற்றமா என்று கேட்டு அனுப்பினார்கள். நாட்டார் அரண்மனை முற்றத்தில் வந்து முறையிட்டபோது அதில் வஞ்சம் இருந்ததென்று யாரும் சொல்ல முடியாது. முத்திரை இல்லாதோரைத் திருப்பி அனுப்புக என்று தேவியார் ஆணையிட்டார்.

ஆணையிடுவது எளிதாக இருந்தது. யாரைத் திருப்புவது என்று அறிவதுதான் கடினமாக இருந்தது. இரு கரையிலும் ஒரே நிறம், ஒரே உடை, ஒரே தெய்வம். போலி முத்திரை செய்து விற்பவர்கள் கிளம்பினார்கள். நம் நாட்டாரோ முத்திரை என்ற ஒன்றை மடியில் கட்டிக்கொண்டு சந்தைக்கு வருகிறவர்கள் அல்லர். ஒருவரை விசாரித்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்தது. துறைகளில் கூட்டம் தேங்கியது.

அப்போதுதான் எழினி அந்த வழியைச் சொன்னான். இளைஞன்; இலக்கணம் கற்றவன்; கூர்ந்த காதுடையவன். செம்மேட்டார் நாவுக்கு ழகரம் வராது, மழையை மள என்பார்கள் என்று கவனித்திருந்தான். “கிழக்கே மழை பொழிந்தது, கழனி செழித்தது” என்று சொல்லச் சொன்னால் போதும், ஆள் எந்தக் கரை என்று மூச்சுவிடும் நேரத்தில் தெரிந்துவிடும் என்று எழுதி அனுப்பினான். தேவியார் அதைப் பாராட்டி, எல்லாத் துறைகளிலும் அவ்வாறே செய்க என்று முத்திரையிட்டார்; எழினிக்குப் பொற்பட்டம் சூட்டினார். அவன் ஓலை வாசிக்கப்பட்டபோது தேவியார் யாழிசை கேட்டுக்கொண்டிருந்தார் என்பதும், வாசித்தவனை அரைவாசியிலேயே நிறுத்தி, நன்று என்று கையசைத்தார் என்பதும் இங்கே எழுதப்பட வேண்டும் என்று அவரே சொன்னார்.

எழினி கொடியவன் அல்லன். அவன் துறையில் யாரும் யாரையும் அடித்ததில்லை. படகில் ஏற்றுமுன் ஒவ்வொருவருக்கும் தண்ணீர் கொடுக்கச் சொல்லியிருந்தான். பிற துறைகளில் சாட்டை வீசப்பட்டதைக் கேள்விப்பட்டபோது, தன் வழி எவ்வளவு மென்மையானது என்று அவனுக்கு உள்ளூரப் பெருமையும் இருந்தது. படகு மறுகரையைத் தொட்டபின் அந்த மக்கள் என்ன ஆனார்கள் என்று மட்டும் அவன் ஒருநாளும் கேட்டதில்லை. ஆற்றின் நடுவோடு தன் கடமை முடிந்தது என்று எண்ணியிருந்தான்.

நாகச்சி என்பவள் நம் தென்கடலோரத்து உவரூரைச் சேர்ந்தவள். உப்பளமே அவ்வூரின் வயல். கணவன் நோயில் படுத்துவிட்டதால், அவன் தமையனுடைய உப்பு வண்டிகளோடு, கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு, பங்குனிச் சந்தைக்கு ஈங்கைத்துறை வந்தாள். உப்பு விற்று முடிந்ததும், சந்தைக்குப் பின்னாலிருந்த புங்கமரத்தில் தூளி கட்டிக் குழந்தையை உறங்கவைத்துவிட்டு, கணவனுக்கு மருந்துச் சரக்கு வாங்கக் கடைத்தெருவுக்கு வந்தாள். “ஒரு உளக்குத் திப்பிலி என்ன வெல?” என்று அவள் கேட்டது அவ்வழியே போன காவலன் காதில் விழுந்தது. அவன் அவளை நிறுத்தி, கிழக்கே மழை பொழிந்தது என்று சொல்லச் சொன்னான். சொன்னாள். கையைப் பிடித்துத் துறை மண்டபத்துக்கு இழுத்து வந்தான்.

“நான் இந்த நாட்டுக்காரிதான் ஐயா. உவரூரு. எங்க பக்கம் எல்லாருமே இப்பிடித்தான் பேசுவோம்” என்றாள் எழினியிடம்.

எழினி உவரூரைப் பார்த்தவன் அல்லன். அப்பக்கத்தார் பேச்சு இப்படி என்று அவன் கற்ற ஏடு எதிலும் இல்லை. பிடிபட்டவர்கள் தெற்கே ஏதாவது ஓர் ஊரைச் சொல்வதும் அவனுக்குப் பழகிப்போன ஒன்று.

“உன்னோடு வந்தவர்கள் எங்கே?”

“மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருக்காங்க. எம் புள்ள அங்க புங்கமரத்துத் தூளியில தூங்குது ஐயா. முளிச்சா அளும். பால் குடுத்து வெகு நேரமாச்சு.”

பிள்ளை தூங்குகிறது, தாய் சாகக் கிடக்கிறாள், அடுப்பில் உலை கொதிக்கிறது என்று எத்தனையோ வாய்களிலிருந்து அவன் கேட்டுவிட்டான். தொடக்கத்தில் சிலவற்றை நம்பி, ஆளனுப்பிப் பார்த்து ஏமாந்தும் இருக்கிறான்.

“எங்கே, நிதானமாக ஒருமுறை சொல். கிழக்கே மழை பொழிந்தது.”

“கிளக்கே மள பொளிஞ்சது.”

“மழை.”

“மள.”

அவள் அவன் வாயையே பார்த்தாள். அவன் நா மேலே வளைவதைக் கண்டு தன் நாவையும் வளைத்தாள். நெற்றியில் வியர்வை அரும்ப, மறுபடி மறுபடி முயன்றாள். ஒருமுறை கிட்டத்தட்ட வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு காவலன் சிரித்தான். அவள் நாக்குக் குழறிப்போயிற்று. எழினி சிரிக்கவில்லை; சிரித்தவனைத் தடுக்கவும் இல்லை. பக்கத்தில் அவனுக்கு வைத்த கூழ் ஆறிக்கொண்டிருந்தது. போகட்டும் என்று கையைக் காட்டினான். படகு விலகும்போது அவள் கதறியது மண்டபம்வரை கேட்டது. அவன் கூழைக் குடித்து முடித்தான்.

செய்தி அறிந்து அவள் கணவனின் தமையன் மண்டபத்துக்கு ஓடிவந்தான். படிக்கட்டின் கீழே நின்று, உள்ளே இன்னொருவனை மழை என்று சொல்லச் சொல்வதைக் கேட்டான். தான் வாயைத் திறந்தால் தனக்கும் படகுதான் என்று அவனுக்கு விளங்கிற்று. வந்த சுவடு தெரியாமல் திரும்பினான். குழந்தை தாயோடு போயிருக்கும் என்றே எண்ணி, வண்டிகளைப் பூட்டிக்கொண்டு ஊரை விட்டு ஓடினான். நம் குடிமகன் ஒருவன் நம் காவலர் முன்னால் பேச அஞ்சி ஊமையைப்போல ஓடினான் என்பதைத் துறைத்தலைவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும்.

அதே நேரம் ஆற்றோர நாணலுக்குள் ஒருத்தி ஒளிந்திருந்தாள். அவள் பெயர் பூதி. அவள் உண்மையாகவே செம்மேட்டு நாட்டுக்காரி. முத்திரை இல்லாமல், ஒரு மண்குடத்தைப் பற்றிக்கொண்டு ஆற்றில் மிதந்து வந்தவள். அவள் கணவனைப் படைக்குச் சுமைதூக்க இழுத்துப் போய்க் கொன்றுவிட்டார்கள். கைக்குழந்தை வழியில் காய்ச்சலில் இறந்தது. அதைப் புதைத்த மண் அவள் நகக்கண்ணில் இன்னும் இருந்தது. சந்தை கலைந்ததும் உள்நாட்டுக்குள் நழுவிவிடலாம் என்று காத்திருந்தவளுக்கு, எங்கோ ஒரு பிள்ளை அழுவது கேட்டது. தாய் வந்து எடுப்பாள் என்று பார்த்தாள். யாரும் வரவில்லை. அழுகை கம்மிப்போய் விக்கலாயிற்று. பால் கட்டி வலித்துக்கொண்டிருந்த மார்போடு அவள் எழுந்து போனாள். தூளியிலிருந்து பிள்ளையை எடுத்து, மரத்தடியிலேயே உட்கார்ந்து பால் கொடுத்தாள்.

பொழுது சாயும் வரை அங்கேயே இருந்தாள். பிள்ளையைத் தூளியில் திரும்பப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். எடுத்துக்கொண்டே போயிருக்கலாம். அவள் நேராகத் துறை மண்டபத்துக்கு நடந்து வந்தாள்.

“இந்தப் புள்ள மரத்துல தனியாக் கெடந்தது. ஆத்தாளக் காணோம். யாருதுன்னு கேட்டு ஒப்படைங்க.”

வாயிற்காவலன் பழக்கத்தில், “கிழக்கே மழை பொழிந்தது, சொல்லு” என்றான்.

“அது எனக்கு வராது. நான் அந்தக் கரைக்காரிதான். மொதல்ல புள்ளைய வாங்குங்க.”

உள்ளேயிருந்த எழினி எழுந்து வந்தான். “எந்த மரத்தில் கிடந்தது?”

“புங்கமரம். தூளியில.”

அந்தச் சொற்களை அவன் அன்று முன்பே கேட்டிருந்தான். கேட்டும், கூழ் ஆறுகிறதே என்று நினைத்திருந்தான். குழந்தையின் வாயோரத்தில் பால் காய்ந்திருந்தது. அவனுக்கு அதைத் தொடக் கை வரவில்லை.

துணைத்தலைவன் மாயன் அருகில் வந்து, “ஓர் ஆளை அனுப்பித் தேடச் சொல்லலாம். தலைவர் துறையை விட்டு நகர்ந்தால் அது தண்டனைக்குரிய குற்றம்” என்றான். அவன் சொன்னது சரியே.

“அனுப்பலாம். யாரைத் தேடச் சொல்லி அனுப்புவது?” என்றான் எழினி.

அப்போதுதான் அவனுக்கே அது உறைத்தது. அவள் பெயரை அவன் கேட்கவில்லை. அவளுடையதை மட்டுமன்று, அந்த வாக்கியத்தைச் சொல்லச் சொல்லி அவன் திருப்பி அனுப்பிய எவருடைய பெயரையும் கேட்டதில்லை. சோதனையில் பெயருக்கு இடமே இல்லை.

பெயர் தெரியாதவளை முகத்தால்தான் அறிய முடியும், அனுப்பிய தானே போக வேண்டும் என்று அவன் படகில் ஏறினான். பிள்ளையைப் பசியில்லாமல் கொண்டுபோகப் பூதியும் வர வேண்டியிருந்தது. வந்த வழியிலேயே அவளைத் திரும்பக் கூப்பிடுகிறோம் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது, கேட்கவே நாக்கூசியது. உன்னைத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பேன் என்றான். அப்படி வாக்குக் கொடுக்க அவனுக்கு எந்த உரிமையும் இல்லை.

“வாக்கெல்லாம் இருக்கட்டும். நடு ஆத்துல இது பசிச்சு அளுதா நீங்களா பால் குடுப்பீங்க?” என்று சொல்லிவிட்டு அவள் ஏறி உட்கார்ந்தாள்.

மறுகரையில் அவர்கள் கண்டதை எழினி பிறகு தேவியார் முன் சொன்னபடியே எழுதுகிறேன். ஆற்றங்கரையில் இடிந்துபோன சுங்கச்சாவடி ஒன்று இருக்கிறது. நம் படகுகள் வழக்கமாக ஆட்களை இறக்கும் இடம் அதற்கு நேர் எதிரே. ஆள்பிடித்து விற்கும் கூட்டம் ஒன்று அச்சாவடியில் நெடுநாளாகத் தங்கியிருந்தது. நம் படகு வரும், அவர்கள் காத்திருப்பார்கள், இறங்கியவர்களைக் கயிற்றில் பிணைத்துப் படைகளுக்குச் சுமைதூக்கவும் மலைக்குகையில் கல் உடைக்கவும் விற்பார்கள். எழினி வந்ததைக் கண்ட அக்கூட்டத்தின் தலைவன் பாய் விரித்து உட்காரச் சொன்னான்.

“என்ன இவ்வளவு தூரம்? நீங்க அனுப்புறீங்க, நாங்க வாங்கிக்கிறோம். ஒளுங்காத்தானே நடந்துட்டிருக்கு? பங்கு வேணும்னா ஆளு மூலமாச் சொல்லி விட்டிருக்கலாமே.”

எழினி நின்றபடியே, அன்று வந்த உவரூர்ப் பெண் வேண்டும் என்றான். விலை கேட்டார்கள். தேவியார் சூட்டிய பொற்பட்டத்தைக் கழற்றிக் கொடுத்தான். நாகச்சியை அவிழ்த்துவிட்டார்கள். அவள் எழினியைப் பார்க்கவே இல்லை. பூதியின் கையிலிருந்த பிள்ளையை நோக்கி ஓடினாள்.

கயிற்றில் இன்னும் பலர் இருந்தார்கள். காதிலிருந்த கடுக்கனையும் உடைவாளையும் வைத்து, இவர்களையும் விடுக என்றான். தலைவன் சிரித்து, இவர்களுக்கு முன்பணம் வாங்கியாயிற்று என்று கைவிரித்தான். அவனைச் சூழ ஆயுதம் தாங்கியவர்கள் நின்றார்கள். அந்த வரிசையின் கடைசியில் ஒரு முதியவர் எழினியை அடையாளம் கண்டுகொண்டார். அவர் திட்டவில்லை, கை கூப்பவும் இல்லை. கயிறு கட்டிய கழுத்தை நிமிர்த்தி, எழினியின் வாயைப் பார்த்தபடி, மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லத் தொடங்கினார்.

“கிளக்கே... மள...”

நிறுத்தினார். நாவைச் சுழற்றிப் பார்த்தார். மறுபடியும் தொடங்கினார். இம்முறை சரியாகச் சொல்லிவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அவர் இன்னும் நம்பிக்கொண்டிருந்தார். எழினியால் அங்கே நிற்க முடியவில்லை. பெண்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு கரைக்கு வந்துவிட்டான். பின்னால் அந்தக் குரல் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது.

அச்சத்தில் நாகச்சிக்குப் பால் வற்றியிருந்தது. படகில் பிள்ளை அழுதபோது அவளே அதைப் பூதியிடம் நீட்டினாள். ஆற்றின் நடுவில் முதன்முறையாக எழினியிடம் பேசினாள்.

“அந்தப் பெரியவரு உங்களத்தான் பாத்துக்கிட்டிருந்தாரு.”

“தெரியும்.”

“போதும், சரியாத்தான் சொல்றீங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே ஐயா. அது பொய்யா இருந்தாத்தான் என்ன?”



கரையில் மாயன் காத்து நின்றான். பூதியைத் தடுப்பது அவன் கடமை; அதை அவன் தலைகுனிந்தபடி சொல்லவும் செய்தான். எழினி தலைமைக்கு அடையாளமான இடைக்கச்சையை அவிழ்த்து அவனிடம் கொடுத்து, குற்றம் செய்தவன் நான், என்னோடு இவளையும் காவலில் வைத்துத் தலைநகருக்கு அனுப்பு என்றான். அவ்வாறே மூவரும் குழந்தையும் பொழிற்கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள்.

அவையில் எழினி எதையும் மறைக்கவில்லை. தன்னைக் காப்பாற்றும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. தன்னைக் கழுவில் ஏற்றவோ நாடு கடத்தவோ வேண்டினான். அப்போது நாட்டார் சார்பில் அறையணி வேளார் எழுந்தார். கரும்பூர் அவர் ஊர். “அம்மா, இந்தப் பெண் நல்லவள். மறுக்கவில்லை. ஆனால் இவளுக்காக வாயிலைத் திறந்தால், நாளைக்கு வருகிற எல்லாரும் இவளைப் போலவே இருப்பார்களா? செத்த காவலாளியின் மனைவி என் வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். அவளுக்கு நான் என்ன பதில் சொல்ல?” என்று கேட்டார். அவர் கேட்டதும் நியாயமே என்று தேவியார் சொன்னார்.

பிறகு தேவியார் நாகச்சியை அழைத்து, உனக்கு நேர்ந்த தீங்குக்கு என்ன ஈடு வேண்டும், கேள் என்றார். அவள் சொன்னது இது:

“என்னத்தக் கேக்கச் சொல்றீங்க தாயி? எம் மக இன்னும் கொஞ்ச நாள்ல பேச ஆரம்பிச்சுருவா. அவளுக்கு நான் எந்தப் பேச்சக் கத்துக்குடுக்கணும்? எங்காத்தா எனக்குச் சொல்லிக்குடுத்தத நான் சொல்லிக்குடுத்தா, நாளைக்கு அவளையும் படகுல ஏத்துவீங்களா? அத மட்டும் சொல்லுங்க. நான் ஊருக்குப் போயிர்றேன்.”

தேவியார் அரியணையிலிருந்து இறங்கிவிட்டார். அன்று அவை அதன்பின் கூடவில்லை. ஏழை மகளின் அக்கேள்விக்கு விடையாகவே கீழ்வரும் கட்டளை பிறந்தது.

நாவைக் கொண்டு ஆளை அறியும் சோதனை இன்று முதல் எல்லாத் துறைகளிலும் ஒழிந்தது. இனி அதைச் செய்பவன் எவனாயினும் பதவி இழப்பான். துறைக்கு ஓர் அறவோர் குழு அமர்க. அதில் அவ்வூர் நாட்டார் ஒருவரும், தென்கடலோரப் பேச்சு அறிந்த ஒருவரும் இருக்க வேண்டும். வருவோர் யாராயினும் முதலில் பெயரைக் கேட்டு, பிறகு ஊரையும் உறவையும் கேட்டு, சொன்னது மெய்யா என்று ஆளனுப்பி அறிந்த பிறகே முடிவு சொல்க. அதற்கு எத்தனை பகல் ஆனாலும் ஆகட்டும். அதுவரை அவர்களுக்குச் சோறும் கூரையும் அரண்மனைப் பொறுப்பு.

வாயில் காவலின்றித் திறந்து கிடக்கும் என்று இதற்குப் பொருளன்று. உயிருக்கு அஞ்சி வந்தவர்கள் இங்கே இருக்கலாம். பிழைப்புத் தேடி வருவோர்க்கு அறுவடைக் காலத்துக்கென்று முத்திரை தரப்படும். முறைப்படிக் கேட்டுக் காத்திருந்தவர்களுக்கே அதில் முதலிடம். அவர்களுக்கும் நம்மவருக்கும் ஒரே மரக்காலில் கூலி அளக்கப்படும். அரைக்கூலி கொடுத்தவன் நிலத்தை இழப்பான். ஆள்திரட்டிய தரகன் சிறை புகுவான். மலிவான கைகள் கிடைக்கும் என்ற ஆசை இந்தக் கரையில் இருக்கும்வரை அந்தக் கரையைக் குறைசொல்லி என்ன பயன் என்று தேவியார் அறையணி வேளாரிடம் கேட்டார், அவரும் ஒப்பினார். கரும்பூர்க் காவலாளியின் மனைவிக்கு அரண்மனை நிலம் விடப்பட்டது. கொன்றவர்களைத் தேடும் பணி நிற்காது. இருக்கத் தகாதவர் என்று விசாரித்து அறிந்தவரைத் திருப்பத்தான் வேண்டும். பகலில் திருப்புக. தாயையும் பிள்ளையையும் பிரிக்காமல் திருப்புக. இடிந்த சாவடியின் எதிரே இறக்காமல், மேல்நதியில் போர் எட்டாத பாறையூர் மடத்தாரிடம் ஒப்படைத்து, அவர்கள் வாயால் சேர்ந்தது என்று கேட்ட பிறகே படகு திரும்புக. அம்மடத்தார் இதற்கு இசைந்திருக்கிறார்கள்.

பூதியின் வழக்கும் மற்றவர் வழக்கைப் போலவே விசாரிக்கப்பட்டது. அவள் கணவன் கொல்லப்பட்டதும், ஊர் எரிந்ததும் மெய்யென்று தெரிந்தது. அதனால் அவள் இருக்கலாம். பிள்ளையைக் காத்த நன்றிக்காக இருக்கச் சொல்லலாமே என்று அமைச்சர் சிலர் கூறியதைத் தேவியார் ஏற்கவில்லை. நல்லவள் என்று காட்டினால்தான் உயிர் பிழைக்கலாம் என்பது இன்னொரு சோதனை, அதை வைக்க எனக்கு வாயில்லை என்றார். பூதி நாகச்சியோடு உவரூர் போயிருக்கிறாள்.

எழினி கேட்ட தண்டனை அவனுக்குக் கிடைக்கவில்லை. செத்துப்போவதும் ஓடிப்போவதும் உனக்கு எளிது, நீ அனுப்பியவர்களுக்கு அது எளிதன்று என்று தேவியார் சொன்னார். அவனோடு தாமும் குற்றத்தில் பாதி என்றும் சொன்னார். தம் அணிகளை விற்று வந்த பொருளையும் படைவீரர் சிலரையும் கொடுத்து, அனுப்பப்பட்டவர்களைத் தேடி மீட்டு வருமாறு அவனை ஏவினார். அவன் மறுகரையில் சந்தை சந்தையாக, கல்லுடைக்கும் குகை குகையாக அலைகிறான். சிலரை மீட்டு அனுப்பியிருக்கிறான். அவர்களில் நம் நாட்டாரும் உண்டு, செம்மேட்டாரும் உண்டு. பலரைக் காணவில்லை. பெயர் தெரியாதவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. ஊர்ப் பொதுவில் நின்று, ஈங்கைத்துறையில் நான் திருப்பி அனுப்பியவர்கள் யாரேனும் இருந்தால் வாருங்கள் என்று கூவுகிறான். சில ஊர்களில் கல்லெறிந்தார்கள். அவன் விலகி நிற்கவில்லை என்று உடன்போன வீரர்கள் எழுதுகிறார்கள்.

கயிற்று வரிசையின் கடைசியில் நின்ற முதியவர் இன்னும் கிடைக்கவில்லை. அவர் எந்தக் கரையார் என்பதும் தெரியாது. இனி அது தெரிய வேண்டியதுமில்லை. அவர் உயரமானவர். இடக்காதின் மடல் கிழிந்திருக்கும். வலத்தோளில் பழைய தீக்காயம் உண்டு. இந்த அடையாளமுள்ளவரைத் துறையிலோ காட்டிலோ ஆற்றுவெள்ளத்திலோ காண்பவர் யாராயினும், அவரை எதையும் சொல்லச் சொல்லாமல், உட்காரவைத்து, உண்ணக் கொடுத்து, பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு அழைத்து வருக. அவர் தாமாகவே அந்த வாக்கியத்தைச் சொல்லத் தொடங்கினால், சரியாகச் சொல்லிவிட்டீர்கள் ஐயா என்று சொல்லுக. இது தேவியார் ஆணை.

இவ்வோலையைச் சந்தை கூடும் நாளில் உரக்க வாசித்து, கேட்டார் நெஞ்சில் நின்றது என்று அறிந்தபின் துறை மண்டபத்தில் கட்டி வைக்க. அரவாறு சான்று. எழுதினேன், ஓலைநாயகன் தாயன் குமரன். இலச்சினை இட்டது நன்னிமாதேவியார், தம் கையால், ஓலை முழுவதும் வாசிக்கக் கேட்ட பிறகு.